வால்வின் மேல் விழுந்த பழி

பழைய வால்வு ரேடியோ பாடாமல் நின்றுவிட்டால், "வால்வு போயிடுச்சு, இனிமே அதெல்லாம் எங்க கிடைக்கும்" என்று ஒரே வரியில் முடித்துப் பரணில் ஏற்றிவிடுவது நம் வீடுகளின் வழக்கம். அந்த ஒரு வரியில் இரண்டு பிழை. பெரும்பாலும் வால்வு போயிருக்காது, போயிருந்தாலும் கிடைக்கும். ஒளிர்வதால் கண்ணில் படுவது வால்வு, அதனால் பழியும் அதன் மேல் விழுகிறது. உண்மையில் செத்துக்கிடப்பவை சேஸிஸின் அடிப்பக்கத்தில், யாரும் திருப்பிப் பார்க்காத இடத்தில், மெழுகு பூசிய சுருட்டுகளாகத் தொங்கும் கண்டன்சர்கள். வால்வு ரேடியோவோ ஸ்டீரியோ ரிசீவரோ, அது மூப்படைவது மின்சாரத்தைக் கடத்தும் பாகங்களில் அன்று, தடுத்து நிறுத்த வேண்டிய பாகங்களில். வாங்கும்போது எதைப் பார்ப்பது, எதற்குப் பணம் கொடுப்பது, வீட்டுக்கு வந்ததும் எதில் கை வைப்பது ஆகிய மூன்றும் இந்த ஒரு செய்தியிலிருந்தே தீர்மானமாக வேண்டும் என்பது என் வாதம். அதைப் பொருத்திப் பார்க்கத் தம்பானூரும் அதைச் சூழ்ந்த திருவனந்தபுரமும் தோதான இடம். காரணம் பாதி வரலாறு, பாதி வானிலை.

வரலாற்றை முதலில் முடித்துவிடலாம். திருவிதாங்கூர் அரசு தன் வானொலி நிலையத்தை 1943 மார்ச் 12 அன்று திருவனந்தபுரத்தில் தொடங்கியது. 1950 ஏப்ரல் 1 முதல் அது அகில இந்திய வானொலியின் நிலையமானது. அதற்கு முன்பே 1938இல் சென்னை நிலையமும் 1939இல் திருச்சி நிலையமும் பேசத் தொடங்கியிருந்தன. கடல் தாண்டிக் கொழும்பும் கேட்டது. 1956 வரை கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்ததால், நாகர்கோவில், தக்கலை வீடுகளின் ரேடியோக்களுக்கும் திருவனந்தபுரம்தான் சொந்த ஊர் நிலையம். மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், ஜிஇசி, நேஷனல் எக்கோ என்று அந்த வீடுகளில் இருந்தவை மீடியம் வேவும் ஷார்ட் வேவும் பிடிக்கும் ஒற்றை ஸ்பீக்கர் பெட்டிகள். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ரேடியோ வால்வுகளைச் செய்ய ஆரம்பித்தது 1961இல். அதே 1961 ஜூன் 1 அன்று அமெரிக்காவில் எஃப்எம் ஸ்டீரியோ ஒலிபரப்பு தொடங்கியது. ஃபிஷர், ஸ்காட், ஹார்மன் கார்டன் போன்ற நிறுவனங்கள் அதற்கான வால்வு ரிசீவர்களைச் செய்து குவித்தன. இந்தியாவின் முதல் எஃப்எம் ஒலிபரப்பு சென்னையில் 1977 ஜூலை 23 அன்றுதான் வந்தது. அதற்குள் டிரான்சிஸ்டர் வால்வை வீட்டைவிட்டே வெளியேற்றியிருந்தது. ஆகவே தம்பானூரில் ஒருவர் வால்வுச் சாதனம் வாங்க நினைத்தால் அவர் முன் இருக்கும் வழிகள் இரண்டு: உள்ளூர் வீடுகளிலிருந்து வரும் மோனோ ரேடியோ, அல்லது வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வரும் ஸ்டீரியோ ரிசீவர். இரண்டும் நோயில் ஒன்று.

இப்போது குற்றம் சாட்டப்பட்ட வால்வைப் பார்ப்போம். காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நிக்கல் குழல். அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகளின் பூச்சு. உள்ளே அதைச் சூடேற்றும் டங்ஸ்டன் ஹீட்டர். ஏறத்தாழ 750 டிகிரி செல்சியஸில் அந்தப் பூச்சிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரேயுள்ள ஆனோடுக்குப் பாய்கின்றன. இடையிலுள்ள கிரிட் என்னும் கம்பிச்சுருள் சில வோல்ட்டுகளை வைத்து அந்தப் பாய்ச்சலைக் கூட்டிக் குறைக்கிறது. சூடாக இருக்கும்வரை பூச்சு மெல்லத் தேயும். சூடில்லாதபோது தேய அதற்குக் காரணமே இல்லை. குழாயின் உச்சியில் வெள்ளி போல மின்னும் பேரியப் பூச்சு, உள்ளே தப்பித் தவறி மிஞ்சிய காற்றையும் தின்றுவிடும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால்தான் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். எனவே வால்வின் ஆயுளை அது எரிந்த மணிக்கணக்கில் அளக்க வேண்டும், ஆண்டுக்கணக்கில் அன்று. யாரும் திட்டமிடாமலே நடந்துவரும் ஒரு பரிசோதனை இதை உறுதிப்படுத்துகிறது. 1960களில் செய்து, பெட்டி பிரிக்காமல் கிடங்கில் தங்கிய வால்வுகள் இன்றும் உலகச் சந்தையில் விற்கின்றன; செருகினால் வேலை செய்கின்றன. அதே ஆண்டில் செய்து அதே அலமாரியில் அதே போலப் பிரிக்காமல் கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரை, புதியது என்று நம்பி எந்த மெக்கானிக்கும் அப்படியே சால்டர் வைக்க மாட்டார்.

அலமாரியில் கிடக்கும்போதே கெடுவது எப்படி? அக்காலக் காகிதக் கண்டன்சர் என்பது இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய காகிதத்தை வைத்துச் சுருட்டி, மெழுகில் முக்கி எடுத்தது. காகிதம் செல்லுலோஸ், ஈரத்தை இழுப்பது அதன் இயல்பு. மெழுகு அதைத் தடுக்கும், ஆனால் பக்கத்திலேயே வால்வுகள் கக்கும் சூட்டில் மெழுகு இளகி, இரவில் இறுகி, சில ஆண்டுகளில் விரிசல் விடும். பிறகு மழைக்காலத்தில் திறந்து வைத்த அப்பளம் போலக் காகிதம் நமத்துப்போகும். நமத்த காகிதம் மின்சாரத்தைக் கசியவிடும். திருவனந்தபுரத்தில் இதற்கு வாய்ப்பு ஏராளம். தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் நாட்டுக்குள் நுழைவதே கேரளத்தின் வழியாக. அது ஓய்ந்ததும் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை. மேற்கே சில கிலோமீட்டரில் உப்புக் கடல். தம்பானூரோ தாழ்ந்த நிலம்; அங்கும் 'கிழக்கே கோட்டை' என்னும் பகுதியிலும் மழைநீர் தேங்குவதைத் தீர்க்க 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' என்று தனித் திட்டமே வகுத்தார்கள். இப்படிப்பட்ட ஊரின் தரைத்தளத்து அறை ஒன்றில் அரை நூற்றாண்டைக் கழித்த ரேடியோவில் காகிதக் கண்டன்சர் ஒன்றுகூடப் பழுதில்லாமல் இருக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

கசிவு என்றால் எவ்வளவு, அதனால் என்ன கேடு என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 1950களின் பிற்பாதி தொடங்கி எண்ணற்ற ரேடியோக்களில் கடைசிக் கட்ட வால்வாக இருந்தது இஎல்84. ஆனோடில் 250 வோல்ட், கிரிட்டில் மைனஸ் 7.3 வோல்ட், ஓடும் கரண்ட் 48 மில்லியாம்பியர். ஆனோடு தாங்கக்கூடிய 12 வாட்டை அது அப்போதே தொட்டுவிடுகிறது. அதற்கு முந்தைய வால்வின் ஆனோடில் 100 வோல்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த வோல்ட்டேஜைத் தடுத்து இசையை மட்டும் இஎல்84இன் கிரிட்டுக்கு அனுப்பும் காவலாளிதான் நடுவிலுள்ள 0.01 மைக்ரோஃபாரட் காகிதக் கண்டன்சர். கிரிட்டிலிருந்து தரைக்கு 1 மெகாஓம் ரெசிஸ்டர். கண்டன்சர் நமத்துப்போய் 20 மெகாஓம் தடை உள்ள பொருளாகிவிட்டால், கிரிட்டுக்கு வந்து சேரும் வோல்ட்டேஜ் 21இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 4.8 வோல்ட். இஎல்84இல் கிரிட் ஒரு வோல்ட் ஏறினால் கரண்ட் 11 மில்லியாம்பியர் ஏறும். கேத்தோடிலுள்ள ரெசிஸ்டர் அந்த ஏற்றத்தில் பாதிக்கு மேல் அமுக்கிவிடும் என்றாலும் 20 மில்லியாம்பியர் கூடவே செய்யும். 12 வாட் தாங்கும் ஆனோடில் இப்போது 17 வாட். இதே நிலையில் மாதக்கணக்கில் பாடினால் வால்வு தேய்ந்துபோகும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் காய்ந்துபோகும். மெக்கானிக் வந்து சோதித்துவிட்டு வால்வு போய்விட்டது என்று சொல்வார், அது உண்மையும்கூட. புது வால்வு போடுவார். கொலையாளி அடுத்த ஆளுக்காக உள்ளேயே காத்திருப்பான்.

இங்கே எழும் முதல் மறுப்பு விற்பவருடையது. பிளக்கைச் செருகிக் காட்டுகிறார், ரேடியோ பாடுகிறது. பாடுகிற பெட்டியில் என்ன குறை? மேலே சொன்ன கணக்கே இதற்குப் பதில். 20 மெகாஓம் கசிவுள்ள ரேடியோ நன்றாகப் பாடும், சத்தமாகவே பாடும். கொஞ்சம் கரகரப்பு இருந்தால் பழைய ரேடியோ அப்படித்தான் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பார்த்தாலும் சிக்காது. அந்த மீட்டர் சில வோல்ட்டுகளை வைத்துத்தான் அளக்கிறது, கசிவோ நூறு வோல்ட் அழுத்தத்தில்தான் முழு முகத்தைக் காட்டும். சரியான சோதனை வேறு. கடைசிக் கட்ட வால்வின் கிரிட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே, ரேடியோ ஓடும்போது, டிஜிட்டல் மீட்டரால் வோல்ட்டேஜ் அளப்பது. கேத்தோடில் ரெசிஸ்டர் வைத்த ரேடியோவில் அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும். பாசிட்டிவ் வோல்ட்டேஜ் தெரிந்தால், வால்வைக் கழற்றிவிட்டு மறுபடி சில நொடி அளக்க வேண்டும். வோல்ட்டேஜ் அப்படியே நின்றால் குற்றவாளி கண்டன்சர். மறைந்துவிட்டால் வால்வுக்குள் வாயு கசிந்திருக்கிறது. வால்வுக்கும் கண்டன்சருக்கும் நடுவிலான வழக்கை இரண்டு நிமிடத்தில் தீர்த்துவைக்கும் இந்தச் சோதனையைப் பலர் செய்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களின் கதை சற்று வேறு. பவர் சப்ளையின் இரைச்சலை வடிகட்டும் அந்த அலுமினியக் குப்பிகளில் மின்சாரத்தைத் தடுப்பது அலுமினியத்தின் மேல் வேதிமுறையில் வளர்த்த ஆக்சைடு படலம். வோல்ட்டுக்கு ஒரு நானோமீட்டரும் கொஞ்சமும் என்ற கணக்கில், 350 வோல்ட் குப்பியிலும் அதன் தடிமன் அரை மைக்ரான்தான். வோல்ட்டேஜ் இருக்கும்வரை படலம் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் வோல்ட்டேஜ் இல்லாவிட்டால் சிதையும். ரப்பர் அடைப்பு வழியே உள்ளிருக்கும் திரவமும் மெல்ல ஆவியாகும். சூடு 10 டிகிரி ஏறினால் இந்த மூப்பின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதனால்தான் 20 ஆண்டு பரணில் இருந்த ரேடியோவை நேராக 230 வோல்ட்டில் செருகுவது வாங்கியவர் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். டிம்மர்ஸ்டாட் வைத்து வோல்ட்டேஜை மணிக்கணக்கில் மெல்ல ஏற்றினால் படலம் மறுபடி வளர்ந்துவிடுமே, மாற்றுவானேன் என்பார்கள். பாதி சரி. படலம் வளரும், ஆவியான திரவம் திரும்பாது. தவிர, இஇசட்80 போன்ற ரெக்டிஃபயர் வால்வு உள்ள ரேடியோவில் ஹீட்டர் போதிய சூடு பெறும்வரை கண்டன்சருக்கு வோல்ட்டேஜே போகாது, பெற்றதும் கணிசமான அளவு ஒரே தாவலில் போய்ச் சேரும். மெல்ல ஏற்றுவதன் நோக்கமே பாழ். காகிதக் கண்டன்சருக்கோ இந்த வைத்தியத்தால் எள்ளளவும் பயனில்லை. சோதனைக்கு நம் மெக்கானிக்குகளின் பழைய சீரிஸ் பல்பே நம்பகமானது: உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும். அதற்கு இழை பல்புதான் வேண்டும், எல்இடி உதவாது.

இரண்டாவது மறுப்பு சேகரிப்பாளர்களிடமிருந்து வருகிறது, அதற்கு எடை அதிகம். உள்ளேயிருக்கும் பாகங்களை எல்லாம் மாற்றிவிட்டால் அது அந்த ரேடியோவா? மிக அரிய பெட்டி என்றால் என் பதிலும் அவர்களுடையதே: தொடாதீர்கள், ஆனால் மின்சாரமும் கொடுக்காதீர்கள். ஓட வைக்கத்தான் வேண்டும் என்றால், கெட்ட கண்டன்சரைக் காப்பாற்றுவதற்காக அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைப் பலி கொடுப்பது பாதுகாப்பு ஆகாது. நடுவழி ஒன்று உண்டு. காகிதச் சுருட்டின் உள்ளடக்கத்தை எடுத்துவிட்டு, அதே உறைக்குள் 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் கண்டன்சரை வைத்து மூடுவது. அலுமினியக் குப்பியை அப்படியே நிறுத்தி, புதிதைச் சேஸிஸின் அடியில் ஒளித்து வைப்பது. புதியவை இப்போது அளவில் மிகச் சிறியவை என்பதால் இது எளிது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கெல்ட்ரானின் கண்ணூர் ஆலை அலுமினியம் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களையே செய்கிறது. கேரளத்து ரேடியோவுக்குக் கேரளத்து மருந்து தேடுபவருக்கு அந்த ஆறுதலும் உண்டு.

மூன்றாவது மறுப்பு காதைப் பற்றியது: பழைய கண்டன்சர் போனால் வால்வின் அந்த இதமான ஒலியும் போய்விடும் என்பது. இதமான ஒலி என்பது கற்பனையில்லை, அளக்கக்கூடியது. ஒற்றை இஎல்84 தன் முழுத் திறனான 5.7 வாட்டைக் கொடுக்கும்போது ஒலித்திரிபு 10 சதவீதம் என்று உற்பத்தியாளரின் தகவல் தாளே சொல்கிறது. அதில் கணிசமான பங்கு மூல ஒலிக்கு ஒரு ஸ்தாயி மேலே விழுவதால் காதுக்கு உறுத்தாமல் கலந்துவிடும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒலியின் இரு முனைகளையும் மழுக்குகிறது. பின்பக்கம் திறந்த பெரிய மரப்பெட்டி நடுப்பகுதியைத் தூக்கிக் கொடுக்கிறது. இவை எதுவும் கண்டன்சரில் இல்லை. கசியும் கண்டன்சர் தருவது அளவு மாறிய கிரிட் வோல்ட்டேஜையும் அதனால் வரும் கரகரப்பையும்தான். அந்த ரேடியோவைச் செய்த பொறியாளர் 1958இல் தன் மேசையில் கேட்ட ஒலி புதுக் கண்டன்சரின் ஒலி என்பதை மறக்கக் கூடாது.

வால்வு தேயவே தேயாது என்று நான் சொல்லவில்லை. கடைசிக் கட்ட வால்வும் ரெக்டிஃபயரும் உழைப்பாளிகள், தேய்வார்கள். நிலையம் சரியாகப் பிடித்ததைக் காட்டும் மேஜிக் ஐ-யின் பச்சை ஒளி எரிந்த நேரத்துக்கு ஏற்ப மங்கும், அதற்கு மாற்று விலை கூடியது. ஆனால் இஎல்84, இசிசி83 போன்றவற்றை ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், பெரும்பாலும் கிடார் ஆம்ப்ளிஃபயர்களின் புண்ணியத்தில். ஆகவே வால்வுக்காக ஒரு பெட்டியை ஒதுக்க வேண்டியதில்லை. ஒதுக்க வேண்டிய காரணம் ஒன்று இருக்குமானால் அது உயிர் பயம். டிசி மின்சாரம் இருந்த கல்கத்தா போன்ற ஊர்களுக்காகவும் விலை குறைவுக்காகவும் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ஏசி/டிசி ரேடியோக்கள் நிறைய விற்றன. யுசிஎச்81, யுஎல்84 என்று வால்வுப் பெயர் 'யு'வில் தொடங்கினால் பெரும்பாலும் அந்த வகை. அவற்றில் சேஸிஸே மெயின் லைனின் ஒரு முனை. பிளக்கை மாற்றிச் செருகினால் குமிழின் திருகாணியில்கூட 230 வோல்ட் நிற்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அவற்றைத் திறக்கக் கூடாது. எந்த ரேடியோவிலும், அணைத்த பிறகும் 50 மைக்ரோஃபாரட் குப்பியில் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டே கை வைக்க வேண்டும்.

இனி விலை. வால்வு கிடைக்கும், கண்டன்சர் கிடைக்கும் என்றால் எதற்குப் பணம் கொடுப்பது? கிடைக்காதவற்றுக்கு: மெயின் டிரான்ஸ்ஃபார்மர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், காயில்கள், நிலையப் பெயர் எழுதிய டயல் கண்ணாடி, மரப்பெட்டி. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி தலைமுடி போன்ற செம்புக் கம்பி. அது பாசிட்டிவ் 250 வோல்ட்டில் நிற்பது. காப்புக் காகிதத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் மின்னாற்பகுப்பு நடந்து கம்பி பச்சை பூத்து அறுந்துபோகும். கடலோர ஊர் ரேடியோவில் பிளக் செருகும் முன்பே இதை மீட்டரால் பார்த்துவிடலாம். சில நூறு ஓம் காட்டினால் நல்லது, ஒன்றும் காட்டாவிட்டால் விலையைப் பேச வேண்டிய இடம் அதுதான். வெளிநாட்டு ஸ்டீரியோ ரிசீவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்க ரிசீவர் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டை 110 ஆகக் குறைத்துக் கொடுத்தாலும் இங்கே 50 ஹெர்ட்ஸ் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் இரும்பில் காந்தப்பாய்வு 13 சதவீதம் கூடும். உறுமும், சூடேறும், அந்தச் சூடு காப்புக் காகிதத்தைத்தான் தின்னும். பழைய அளவுக்கே இறக்க வேண்டுமானால் 97.5 வோல்ட் கொடுக்க வேண்டும், அப்போது 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 5.25தான் போய்ச் சேரும். எனவே 50 ஹெர்ட்ஸும் 220 வோல்ட்டும் ஏற்கும் ஏற்றுமதி வகையைத் தேடுவதே அறிவு.

ஜெர்மன் ரேடியோ என்றால் டயலைப் பார்க்க வேண்டும்: 1950களின் அழகான பல பெட்டிகளில் எஃப்எம் 100 மெகாஹெர்ட்ஸில் முடிந்துவிடுகிறது, அனந்தபுரி எஃப்எம் என்று திருவனந்தபுரத்துக்காரர்கள் அறிந்த ஆகாசவாணி நிலையமோ 101.9. அமெரிக்க டயல் 108 வரை போகும், ஆனால் அதன் ஒலிச் சமன் (உயர் ஸ்தாயியை அமுக்கும் டி-எம்ஃபஸிஸ்) வேறு. அங்கே 75 மைக்ரோவிநாடி, இங்கே 50. அப்படியே விட்டால் 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபெல்லுக்கு மேல் குறைந்து, மிருதங்கத்தின் வலந்தலை மந்தமாகக் கேட்கும். ஸ்டீரியோ டிகோடரின் வெளிவாசலில் சானலுக்கு ஒன்றாக இருக்கும் சிறு கண்டன்சரை மூன்றில் இரண்டு பங்கு மதிப்புள்ளதாக மாற்றினால் போதும். சேஸிஸைத் திருப்பி வைத்து மற்றவற்றை மாற்றும் அதே நாளில் இந்த இரண்டையும் மாற்றிவிடலாம், இவை கெட்டுப்போயிருக்காவிட்டாலும்.